வேலியும் அயலவனும்

யாழ்ப்பாணத்தவரைப் பற்றிப் பிறர் மட்டுமன்றி, யாழ்ப்பாணத்தவர் தாமும் சொல்லிச் சிரிக்கும் கதையொன்று உண்டு. அரை முழ நிலத்துக்காக அயலவனோடு வழக்காடி, அவ்வழக்கைக் கொண்டு நடத்துவதற்காக முழுக் காணியையும் ஈடு வைக்கின்றவர் இவர் என்பதே அக்கதை. இதற்கு விளக்கம் கூறுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் இது பிறவிக் குணம் என்பர். மற்றொரு சாரார் மண்ணாசை என்னும் ஒரு சொல்லிலே யாவற்றையும் அடக்கி, மூவாசை ஒழியுமாறு போதனை செய்து அமைவர். இவ்விரு விளக்கங்களையும் நாம் ஏற்பதற்கில்லை. மனிதரின் குணங்கள் வானத்திலிருந்து விழுபவையல்ல. அவர் வாழும் வாழ்க்கையிலிருந்து, அவ்வாழ்க்கையைத் தாங்கி நிற்கும் உடைமை உறவுகளிலிருந்து தோன்றுபவை. வேலிச் சண்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாதவரை, அயலவனைத் திட்டுவதற்கு மேலாக எதுவும் செய்ய நம்மால் இயலாது.

முதலில் வேலியையே நோக்குவோம். மதில்கள் பெருகுவதற்கு முன்னர் குடாநாட்டின் வளவுகளைப் பிரித்து நின்றது உயிருள்ள வேலியாகும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை வரிசையாக நட்டு, பனைமட்டை வரிச்சுக் கட்டி, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பது வழக்கம். இவ்வேலி வெறும் மறைப்பு அன்று. ஆட்டுக்குத் தழையும், தோட்டத்துக்குக் குழைப்பசளையும், அடுப்புக்கு விறகும் அதிலிருந்தே கிடைத்தன. ஆறில்லாத, மழை குறைந்த, சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண் படிந்த ஒரு நாட்டிலே, ஒரு பூவரச மரம் எவர் பக்கத்தது என்ற வினா வயிற்றோடு தொடர்புடைய வினாவாக இருந்தமை வியப்பன்று.

உயிருள்ள வேலி அசையும் தன்மையது என்பதையும் மனங்கொள்ள வேண்டும். கதியால் பருக்கிறது, சாய்கிறது, பட்டுப் போகிறது. பட்ட கதியாலுக்குப் பதிலாகப் புதியது நடும்போது அரைச் சாண் இங்கோ அங்கோ விலகுகிறது. ஆண்டுதோறும் வேலியடைக்கும் காலத்திலே இரு பக்கத்தாரும் உடனிருந்தால் அந்த விலகல் அப்பொழுதே தீர்ந்துவிடும். ஒரு பக்கத்தார் இல்லாத வேளையில் மறு பக்கத்தார் அடைத்தால் அங்கே பிணக்கு முளைக்கும். கதியாலைத் தள்ளிப் போட்டான் என்ற சொல் நமது பேச்சு வழக்கிலே களவுக்கு மறுபெயராக நிலைத்தது இவ்வாறே. ஆகவே நமது வேலி ஒரு கோடன்று. ஆண்டுக்கு ஒரு தடவை இரண்டு குடும்பங்கள் புதுப்பித்துக் கொள்ளும் ஓர் உடன்பாடு.

பழைய காணி உறுதிகளும் இதையே காட்டுகின்றன. அவற்றிலே நிலத்தின் அளவு பெரும்பாலும் விதைப்பினாலே கூறப்பட்டது. இத்தனை லாச்சம் நெல் விதைப்பு, இத்தனை லாச்சம் வரகு விதைப்பு என்பது அந்நிலம் கொள்ளும் விதையின் கணக்காகும். வரகு விதைப்பிலே 16 லாச்சம், அஃதாவது 16 பரப்பு, ஓர் ஏக்கர் என்றும், நெல் விதைப்பிலே 24 லாச்சம் ஓர் ஏக்கர் என்றும் பின்னர் வாய்பாடு வகுத்துக் கொண்டனர். நிலத்தைப் பரப்பாகக் கண்ட கண்ணுக்கு முன்னர், அதை விளைவாகக் கண்ட கண் ஒன்று இருந்தது என்பதற்கு இது சான்று. எல்லை கூறும் முறையோ இன்னும் கருத்தூன்றத் தக்கது. கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாரின் மனைவிக்கும் பங்காளருக்கும் உரிய காணி, தெற்கு இன்னாரின் காணி என்று உறுதி எழுதப்படும். பாகையும் அடியும் அங்கே இல்லை. அயலவரின் பெயர்களே உள்ளன. ஒருவனது காணி எங்கே முடிகிறது என்பதற்கு அவனுடைய அயலவனே சாட்சி; அயலவனின் காணிக்கு அவன் சாட்சி. ஒருவரையொருவர் சாட்சியாகக் கொண்டிருந்த இவர்கள் எவ்வாறு எதிர்வாதிகள் ஆயினர் என்பதே நாம் ஆராய வேண்டிய வரலாறு.

1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசரின் கையிற் சிக்கியது. 1658 இல் அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். தோம்பு எனப்படும் நிலப்பதிவேடு இவ்விரு ஆட்சியினருக்கும் இன்றியமையாததாயிற்று. எவனிடம் எவ்வளவு நிலம், எத்தனை பனை, எத்தனை தென்னை உண்டென்பதை அவர்கள் எழுதி வைத்தது குடிகளின் எல்லையைக் காப்பதற்காகவன்று. வரியும் ஊழியமும் அறவிடுவதற்காகவே. நிலம் முதன்முதலாகக் காகிதத்திலே ஏறியது வரிகாரனின் கையால் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்திலே நீண்ட காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நாட்டு வழமைகளைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஒப்படைத்தார். அத்தொகுப்பு தமிழிலே பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டு, அவர்களின் ஒப்புதலைப் பெற்றது. இன்றும் தேசவழமை என்று நாம் வழங்குவது அதுவே. பின்னர் வந்த பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுவளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகை உடைமைகளைப் பற்றியும், காணி தோட்டங்களின் ஆட்சியைப் பற்றியும் அது விரித்துரைக்கிறது. அதே தொகுப்பிலே அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. வழமையைச் சரிபார்த்த முதலியார்கள் எந்த வகுப்பினர் என்பதையும், எவருடைய குரல் அங்கே கேட்கப்படவில்லை என்பதையும் இதிலிருந்து உணர்ந்து கொள்ளலாம். முழுநாட்டின் வழமை என்று எழுதப்பட்டது, நாட்டிலே நிலமுடையோர் ஒப்பிய வழமையேயாகும்.

தேசவழமையில் அயலவனுக்கு ஓர் இடம் இருந்தது. ஒருவன் தன் காணியை அந்நியனுக்கு விற்க முன்னர் தன் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் அறிவித்தல் வேண்டும். அடுத்த காணிக்காரன் அக்காணியை ஈடாகப் பிடித்திருந்தால் அவனுக்கும் அறிவித்தல் வேண்டும். உரிய விலையைக் கொடுத்து வாங்குவதற்கு முதல் உரிமை அவர்களுக்கே இருந்தது. இவ்வேற்பாட்டைப் பழைய கூட்டு வாழ்வின் எச்சம் என்று போற்றுவோர் உளர். அக்கூற்றிலே ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் காணத் தவறலாகாது. நிலம் உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும் சுழன்று வருவதற்கும், காசு சேர்த்த ஒடுக்கப்பட்டவன் ஒருவன் ஒரு பரப்பேனும் வாங்கி உள்ளே நுழையாதிருப்பதற்கும் இத்தகைய வழமைகள் துணை நின்றன.

இனிச் சீதனத்தை நோக்குவோம். தாய்வழி வந்த சொத்து பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கத்தினால், பெரிய வளவு ஒரு தலைமுறையிலே மூன்றாகவும் அடுத்த தலைமுறையிலே ஒன்பதாகவும் துண்டுபட்டது. வேலிக்கு அப்பால் இருப்பவள் பெரும்பாலும் தமக்கையாகவோ தங்கையாகவோ, அவள் கணவன் மைத்துனனாகவோ சகலனாகவோ இருந்தமை இதன் விளைவாகும். வேலிச் சண்டை அத்துணைக் கசப்புடன் நிகழ்வதற்கு இது முக்கிய காரணம். நாலடி நிலத்தைப் பற்றிய வழக்கு போலத் தோன்றுவது, உண்மையிலே முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எந்த மகளுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற பழங்கணக்காக இருப்பதுண்டு. ஒரு வர்க்கம் தன் பிள்ளைகளின் வாழ்வை நிலத்துண்டாலேயே அளக்கும்வரை அக்கணக்குத் தீரப் போவதில்லை.

துண்டுபடாத காணியின் கதையும் துன்பமானதே. பிரிக்கப்படாத பங்கு, அரைவாசியில் எட்டிலொன்று என்று உறுதியிலே பெருகிக் கொண்டு போயிற்று. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நோயன்று. 1859 இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலிலே எமர்சன் தெனன்ற், பத்துத் தென்னை மரங்களின் 2520 இல் ஒரு பங்குக்காக நீதிமன்றத்தை நாடிய வழக்கொன்றைக் குறிப்பிடுகிறார். அது தென்னிலங்கைச் சிங்கள மக்களின் வழக்கு. வேலிச் சண்டை யாழ்ப்பாணத்தவனின் இரத்தத்திலே ஊறியது என்போர் இச்செய்தியைச் சிந்திப்பார்களாக. சிறு நிலமும் பெருங் குடும்பமும் பிரிக்கப்படாத பங்கும் எங்கெங்கு ஒன்று கூடினவோ, அங்கெல்லாம் மொழி வேறுபாடின்றி இந்நோய் தோன்றியது.

பிரித்தானியர் இந்நோய்க்குக் கொடுத்த மருந்து சட்டமும் அளவையும் ஆகும். 1800 ஆம் ஆண்டிலே நில அளவைத் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிலம் பற்றிய கொடுக்கல் வாங்கல்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்றது. 1863 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பங்குக் காணியை நீதிமன்றத்தின் மூலம் பிரிக்க வழி செய்தது. இதுவே பின்னர் 1951 இலும் 1977 இலும் புதுக்கி எழுதப்பட்டது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம், உரிமையாளனுக்கு மாறாகப் பத்து ஆண்டுகள் இடையீடின்றி ஒரு நிலத்தை ஆண்டு அனுபவித்தவன் அதற்கு உரித்தாளியாகலாம் என்றது.

அயலவனின் கதியாலைப் பற்றி இத்துணை நுணுக்கமாகச் சட்டம் இயற்றிய அரசு, தன் வேலியை எவ்வாறு நட்டது? அதே 1840 ஆம் ஆண்டிலே 12 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. காடும் தரிசும் குடியிருப்பற்ற நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என்று அது ஊகித்துக் கொண்டது. உறுதி எழுதி வைக்கும் வழக்கமில்லாத குடியானவன் தன் சேனையும் மேய்ச்சல் நிலமும் தன்னுடையவை என்று நிறுவ வேண்டியவனானான். அவ்வாறு கிடைத்த மலைநாட்டு நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. அவற்றை உழைத்து உருவாக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்குக் கிடைத்தது லயன் காம்பிரா ஒன்றே. எல்லைக்கல் நடுவதற்கு ஒரு பேர்ச் நிலமும் அவர்களுக்கு உரித்தாக இருக்கவில்லை. அரை முழம் தள்ளிக் கதியால் நட்டவனைக் கள்வன் என்கிறோம். மலை மலையாகத் தள்ளி நட்டவனை அபிவிருத்தி செய்தவன் என்று நமது வரலாற்றுப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன.

சட்டம் யாவருக்கும் சமம் என்பர். வேலி வழக்கிலே அச்சமம் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைச் சற்றே நுணுகி நோக்குதல் நன்று. காணி எனதே என்று வழக்கிடுபவன் தன் உரித்தைத் தானே நிறுவ வேண்டும். எதிரியிடம் உறுதி இல்லை என்று காட்டுவது போதாது. தலைமுறை தலைமுறையாக உறுதி எழுதுவித்து, பதிவு செய்து, அளவைப்படம் வரைவித்து வைத்திருப்பவனுக்கு இது எளிது. வாய்ச்சொல்லால் பங்கு பெற்றவனுக்கு இது மலையைப் பெயர்ப்பதாகும். எல்லையை வரையறுத்துத் தருமாறு கேட்கும் வழக்கும் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்திலே உண்டு. ஆயின் இரு காணிகளுக்கும் இடையே முன்னர் ஓர் எல்லை இருந்து, பின்னர் அது அழிந்தது என்று காட்டுதல் வேண்டும். கைகலப்பு வருமென்று பொலிசார் அஞ்சினால், 1979 ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் விடயம் நீதிமன்றுக்குச் செல்லும். அங்கே ஆராயப்படுவது காணி எவருடையது என்பதன்று; அப்பொழுது ஆட்சியில் இருந்தவர் எவர், அதற்கு முந்திய இரண்டு மாதங்களுள் எவராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டனரா என்பதே. உரித்தைத் தீர்ப்பதற்கு மீண்டும் மாவட்ட நீதிமன்றத்தின் படியேற வேண்டும். பத்தாண்டு ஆட்சிச் சட்டமோ இரு முனைக் கத்தி. உறுதியில்லாத ஏழைக்கு அதுவே தஞ்சம். ஆண்டுக்கு ஒரு விரலளவு கதியாலைத் தள்ளி வந்த செல்வனுக்கும் அதுவே துணை. வழக்கு நீண்டு செல்லுந்தோறும், வேலைக்குப் போகாமல் நீதிமன்ற வாயிலிலே நிற்கும் நாளின் கூலியை எவன் தாங்குவானோ அவனே வெல்வான்.

பொருளாதார மாற்றமும் வேலியை இறுக்கியது. புகையிலை குடாநாட்டிலிருந்து கேரளக் கரைக்கு ஏற்றுமதியான காலத்திலேயே தோட்ட நிலம் காசாகத் தொடங்கிவிட்டது. வெங்காயமும் மிளகாயும் 1970 களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் நல்ல விலை பெற்றபொழுது, ஒரு வரம்பின் அகலமும் கணக்குக்குரியதாயிற்று. இதற்கிடையிலே 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம், காணியை முந்தி வாங்கும் உரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் மாத்திரம் என்று வரையறுத்தது. ஈடு பிடித்த அயலவனுக்கு இருந்த இடம் நீங்கியது. நிலம் சந்தைக்கு வந்தது. அயலவன் சட்டத்திலிருந்து வெளியேறினான். இனி அவன் எல்லைக்குச் சாட்சியல்லன். எல்லையை அரிப்பவன் என்று ஐயுறப்படுபவன்.

இதுவரை நாம் பேசியது வேலி உள்ளவர்களைப் பற்றி. வேலியே இல்லாதவர்களைப் பற்றிப் பேசாது விடின் இவ்வரலாறு அரைகுறையாகும். அடிமைமுறை இலங்கையிலே 1844 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயின் விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு பரப்பு நிலமும் வழங்கப்படவில்லை. அவர்களின் வழித்தோன்றல்களும் பிற ஒடுக்கப்பட்ட மக்களும் பிறர் காணிகளிலே, பிறர் பனங்கூடல்களின் ஓரத்திலே, காணிக்காரன் எழும்பு என்றால் எழும்ப வேண்டியவர்களாகக் குடிசை கட்டி வாழ்ந்தனர். தேர்தலில் மாறி வாக்களித்தாலும், கூலி உயர்த்திக் கேட்டாலும், கோயில் வாயிலிலே நின்றாலும் குடியெழுப்பப்படலாம் என்ற அச்சம் அவர்களின் தலைமேல் தொங்கியது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966 ஒக்டோபர் 21 ஆந் தேதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரத்திலே நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் கோயிற் கதவையும் தேநீர்க் கடையையும் பற்றியவை மட்டுமல்ல. நிற்பதற்குச் சொந்த நிலமில்லாதவன் நிமிர்ந்து நிற்பது எத்துணைக் கடினம் என்பதை அப்போராட்டங்களில் நின்றவர்கள் நன்கறிவர். இரு காணிக்காரர் அரை முழத்துக்கு வழக்காடும்பொழுது, அவ்விருவர் காணியையும் கொத்தியவன் அவ்வழக்கிலே கட்சிக்காரனாக இருந்ததில்லை.

ஆயினும் நமது வரலாறு பிணக்கின் வரலாறு மாத்திரமன்று. பங்குக் கிணற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வேலி கிணற்றுக் கட்டு வரையும் வந்து நின்றுவிடும், நீருக்கு வேலியில்லை. இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு என்று முறை வகுத்து, வாய்க்காலை அயலவனின் தோட்டத்தின் ஊடாக விட்டு, கிணறு கலக்கி இறைக்கும் செலவையும் பங்கிட்டு, தலைமுறைகளாக நடத்தி வந்தவர்கள் இதே வேலிச் சண்டைக்காரர்களே. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதிகளிலே இன்றும் எழுதப்படுகின்றன. பங்கிட்டே தீரவேண்டும் என்ற நிலை தோன்றினால் பங்கிடும் அறிவு நம் மக்களிடம் உண்டு என்பதற்கு இது கண்கூடான சான்று. அக்கிணற்றுக் கட்டிலே கால் வைக்க ஒடுக்கப்பட்ட மக்கள் அனுமதிக்கப்படாமையே அவ்வறிவின் பெருங்குறை. நாம் மீட்க வேண்டியது அந்த முறையை. அழிக்க வேண்டியது அந்த விலக்கை.

பிணக்கை ஊரிலேயே தீர்க்கும் முயற்சிகளும் பல தடவை நிகழ்ந்துள்ளன. 1871 இல் கிராம மன்றுகளுக்கு ஒரு கட்டளைச் சட்டம் உயிர் கொடுத்தது. 1958 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இணக்க சபைகளை நிறுவியது. அவை மறைந்த பின்னர் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை ஏற்படுத்தியது. 2003 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகக் காணிப் பிணக்குகளுக்கெனத் தனியான மத்தியஸ்த சபைகளும் தோன்றின. ஊர் மன்று என்றதும் உள்ளம் குளிர்வோருக்கு ஒரு சொல். மன்றிலே அமரும் பெரியவரே ஊரின் பெரிய காணிக்காரராகவும் இருந்தால், அங்கே வேலியே பயிரை மேய்ந்த கதைதான் நடக்கும். எவர் அமர்கின்றனர், பெண்களும் நிலமற்றோரும் அங்கே வாய்திறக்க இயலுமா என்பதைக் கொண்டே அச்சபைகளை நாம் மதிப்பிட வேண்டும்.

இவை யாவற்றையும் போர் புரட்டிப் போட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது; அவ்வூர்கள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயின. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். 1995 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. எல்லைக்கு அடையாளமாக நின்ற பனைகள் தறிக்கப்பட்டுக் காவலரண்களாயின. வேலிகள் எரிந்தன, மண் அணைகள் எழுந்தன, ஒழுங்கைகள் காடாயின. உறுதிகள் இடம்பெயர்ந்த வழிகளிலே தொலைந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாகத் திரும்பிய மக்கள், தம் கிணற்றை வைத்தே தம் வளவை அடையாளம் காண வேண்டியிருந்தது. உறுதியிலே கிழக்கு எல்லையாக எழுதப்பட்டிருந்தவர் உயிரோடு இல்லை. மேற்கு எல்லையாக இருந்தவரின் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். காகிதமும் போயிற்று, சாட்சியும் போயிற்று.

இந்நிலையிலே பத்தாண்டு ஆட்சிச் சட்டம் கொடிய கருவியாக மாறக்கூடும் என்பதை உணர்ந்தே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. போரினால் தம் உரிமையைக் கோர இயலாதிருந்தோர் குறித்த காலத்துக்குள் வழக்குத் தொடுத்தால், 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலம் அவர்களுக்கு எதிராகக் கணக்கிடப்படாது என்பது அதன் சாரம். ஆயினும் சட்டம் காலத்தைக் கழிக்கலாம். அழிந்த வேலியை நட்டுத் தராது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பமும், மயிலிட்டிக்குத் திரும்பிய கடற்றொழிலாளர் குடும்பமும் எதிர்நோக்கிய வினா ஒன்றே: என் எல்லையை எவர் வாயால் உறுதிப்படுத்துவேன்? அவ்வாயாக அமையக்கூடியவன் எஞ்சியிருக்கும் அயலவன் ஒருவனே. அவன் மௌனம் சாதிப்பதும், கிடைத்த வாய்ப்பிலே இரண்டடி சேர்த்துக் கொள்வதும், போர் விட்டு வைத்ததைத் தானே தின்பதற்கு ஒப்பாகும்.

அங்ஙனமாயின் எல்லைப் பிணக்கை எவ்வாறு அணுகுதல் தகும்? வரலாறு காட்டும் வழியை ஒழுங்காகச் சொல்வோம். முதலாவது, நமது உறுதியையும் அதற்கு முந்திய உறுதிகளையும் காணிப் பதிவகத்திலே தேடி வாசித்தல். நாம் நினைத்திருக்கும் அளவும் அங்கே எழுதப்பட்ட அளவும் ஒன்றல்ல என்பது பலருக்கு அங்கேதான் தெரியவரும். இரண்டாவது, கதியாலிலே கை வைக்க முன்னர் அயலவனின் முற்றத்துக்குச் சென்று பேசுதல். மூன்றாவது, ஆளுக்கொரு நில அளவையாளரைக் கொணர்ந்து இரண்டு படங்களை மோதவிடாது, இருவரும் பணம் பகிர்ந்து ஒருவரை அழைத்து, இருவர் முன்னிலையிலும் பழைய படத்தை நிலத்திலே பொருத்துவித்துக் கல் நாட்டுதல். நான்காவது, உடன்பாட்டை நொத்தாரிசு முன்னிலையில் எழுதுதல். நிலம் பற்றிய வாய்ச்சொல் உடன்பாடு சட்டத்தின்முன் நில்லாது, அடுத்த தலைமுறையும் அதை அறியாது. இவை பயன்படாவிடின் மத்தியஸ்த சபை. அதுவும் பயன்படாவிடின், அயலவன் பலவானாக இருந்து அடாத்தாகப் பறிப்பானாயின், நீதிமன்றம். வறியவன் தன் நிலத்துக்காக வழக்காடுவது மண்ணாசை அன்று; அது அவன் உரிமை. விட்டுக்கொடு என்னும் உபதேசம் எப்பொழுதும் பலமற்றவனை நோக்கியே கூறப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். இரண்டு சமமான குடும்பங்கள் வரட்டுக் கௌரவத்துக்காக வழக்காடுவது வேறு. பலவான் ஒருவன் கைம்பெண்ணின் வேலியைத் தள்ளுவது வேறு. இவ்விரண்டையும் வேலிச் சண்டை என்ற ஒரே பெயரால் அழைத்துச் சிரிப்பது, பின்னவனுக்குச் செய்யும் உதவியாகும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. தங்கள் ஊரின் பழைய ஒழுங்கைகள், பொதுக் கிணறுகள், குளங்கள், சுடலைகள், மேய்ச்சல் தரவைகள், எவர் வளவு எங்கே இருந்தது என்பன, முதியவர்களின் நினைவிலே மட்டும் எஞ்சியுள்ளன. அவர்களைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதும்பொழுது காணிக்காரரிடம் மட்டும் கேட்டல் போதாது. அக்காணிகளிலே குடியிருந்தவர்களிடமும், கொத்தியவர்களிடமும், எழுப்பப்பட்டவர்களிடமும் கேட்டல் வேண்டும். 1707 இல் பன்னிரண்டு முதலியார்களோடு நின்றுவிட்ட விசாரணையை நாம் தொடர்ந்து நடத்துதல் வேண்டும்.

நிலமுள்ளவனும் நிலமற்றவனும் என்ற பிரிவு இருக்கும்வரை வேலிச் சண்டை முற்றாக ஒழியப் போவதில்லை என்பதை நாம் அறிவோம். எனினும் அதுவரை கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. நமது காணியின் நாற்புறத்து எல்லைகளாக உறுதியிலே எழுதப்பட்டிருப்பவை நான்கு அயலவர்களின் பெயர்கள். அவர்களின் உறுதியிலே எழுதப்பட்டிருப்பது நமது பெயர். அடுத்த முறை வேலியடைக்கும்பொழுது இருபக்கத்தாரும் உடனிருப்பார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.